சனிக்கிழமைக் காடு

மொன்றியல்
24.09.1995

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் இருமல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன். குடித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் இருக்கிற வசீகரன் வீட்டு நிலக்கீழ் அறை குளிரும் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

இனிமேல் தொலைபேசியில் கதைக்காமல் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். போன ஞாயிறு கதைத்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. நீங்கள் "வாரும்" என்பதும், நான் "நீங்கள் வாங்கோ" என்பதும், பிறகு இரண்டு பேரும் ரிசீவரைப் பிடித்தபடி மூச்சு விடுவதும். எழுதினால் கோபம் வருவதற்கு முன் கை நோகும்.

கார்தரியில் இந்த மாதம் பகலில் பார்த்துக்கொள்ள நான்கு புதுப் பிள்ளைகள். நாள் முழுக்கத் தாயைக் கேட்டு அழுகை. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுவிட்டது. தெருவெங்கும் பல்கனிகளில் ஓமுக்கு 'வீ' என்றும் வேண்டாமுக்கு 'நோ' என்றும் பலகை தொங்குகிறது. அடுத்த மாத வாக்கெடுப்பில் கியூபெக் கனடாவை விட்டுப் பிரியுமா இல்லையா என்பதைத் தவிர யாருக்கும் வேறு கதை இல்லை.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். கத்தாமல் வாசியுங்கள். நான் ஒரு துவக்கு வாங்கியிருக்கிறேன். முயல், கௌதாரி சுடுகிற ஒற்றைக்குழல் துவக்கு. முறைப்படி அனுமதி எடுத்துத்தான். லொங்குய்யில் வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போனேன். மண்டபம் நிறைய ஆண்கள், நான் ஒருத்திதான் பெண். கடைசி வாங்கில் இருந்து எழுதிப் பாஸ் பண்ணினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். போன மாரியில் ஜான்-டலோன் சந்தையில் தோலோடு தொங்கிய காட்டு முயலைப் பார்த்து நான் நின்றுவிட்டேன், நீங்கள் குளிருகிறது என்று கையைப் பிடித்து இழுத்தீர்கள். அது எங்கே ஓடித் திரிந்திருக்கும் என்று அன்றிலிருந்து ஒரு நினைப்பு. அது மட்டும் காரணமில்லை. மே மாதம் நீங்கள் ரொறன்ரோவுக்குப் போனபிறகு சனி, ஞாயிறில் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கூட்டின வீட்டைத் திரும்பக் கூட்டினேன். மெத்ரோ ரயிலில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சும்மா போய்வந்தேன். கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

நேற்றுத்தான் முதல் முறை. உங்கள் டொயோட்டாவில் ரோடனுக்கு வடக்கே அரசாங்கக் காட்டுக்குப் போனேன். மத்தியானம் வரை நடந்தேன். ஓர் எலியைக்கூடக் காணவில்லை. நான் போட்டிருந்த ஜக்கெட் நடக்க நடக்க சரக் சரக் என்றது. அந்தச் சத்தம் கேட்டு முயலெல்லாம் ரொறன்ரோவுக்கே போயிருக்கும்.

உடம்பைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சிவா


ஸ்காபரோ
05.10.1995

அன்பின் சிவா,

கத்தவில்லை. ஆனால் உமது கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போது எழும்பி நின்றுகொண்டுதான் வாசித்தேன். துவக்குப் பிடித்த ஆக்களுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தோம். இங்கே வந்து சொந்தக் காசில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறீர். எங்கே வைத்திருக்கிறீர்? பூட்டி வைத்திருக்கிறீரா? தோட்டாவை அதோடு சேர்த்து வைக்கவேண்டாம்.

இங்கே தொழிற்சாலையில் காருக்குக் கதவுப்பிடி செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கணக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். போன கிழமை தெருவில் யாரோ "சேர், சேர்" என்று கூப்பிட்டார்கள். என்னைத்தான் என்று விளங்கவே நேரம் எடுத்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு மொன்றியலில் ஐந்து வருடம் என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, சிவா. கோப்பை கழுவுகிற இடத்தில் கையைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். உமக்குப் பிரெஞ்சு வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வரவில்லை. அங்கே நான் ஊமை. இதைத் தொலைபேசியில் சொல்லத் தெரியாமல்தான் சத்தம் போட்டேன்.

இங்கே வாரும். தமிழில் கதைத்துத் தேங்காய் வாங்கலாம். பிள்ளைகள் பார்க்கும் வேலை இங்கேயும் உண்டு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வேட்டையை உமக்கு யார் பழக்குகிறார்கள்? காட்டுக்கு யாரோடு போகிறீர்? பெயரை எழுதும். தெரிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

அன்புடன்,
தியாகலிங்கம்


மொன்றியல்
22.10.1995

அன்பின் அத்தானுக்கு,

"சேர்" என்று கூப்பிட்டதை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அக்னெஸ் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். கீழ்வீட்டில் இருந்துகொண்டு உங்களைப் பற்றி என்னைவிட அவதான் அதிகம் விசாரிக்கிறா.

யார் பழக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரும் இல்லை. இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வகுப்பில் துவக்கை எப்படிப் பிடிப்பது, வேலியை எப்படித் தாண்டுவது என்று சொல்லித் தந்தார்கள். முயல் எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் தகப்பனோடும் மாமனோடும் சின்ன வயதிலேயே போய்வந்தவர்கள். அவர்கள் கேட்காத கேள்விகள்தான் என்னிடம் இருந்தன. வாங்கின கையேட்டை அகராதியோடு இருந்து வாசிக்கிறேன். பிள்ளைகளோடு கதைக்கிற என் பிரெஞ்சு அதற்குக் காணாது.

என் வித்தையைக் கேளுங்கள். இரண்டாம் சனிக்கிழமை காலடியிலிருந்து ஒரு கௌதாரி கிளம்பியது. அது பறப்பதில்லை அத்தான், வெடிக்கிறது. நான் குழறிக்கொண்டு சுட்டேன். வானத்தைத்தான் சுட்டேன். துவக்கு உதைத்துத் தோள்மூட்டு நீலமாகிவிட்டது. கார்தரியில் பிள்ளையைத் தூக்கும்போது நெளிந்தேன். மூன்றாம் கிழமை வழி தவறிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம். உட்கார்ந்து அழுதிருப்பேன், மின்சாரக் கம்பி ஒன்று மரங்களுக்கு மேலே போவதைக் கண்டு அதையே பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது காம்பஸ் ஒன்று வாங்கிக் கழுத்தில் கட்டியிருக்கிறேன்.

நேற்றுச் சப்பாத்துக் கடித்துக் குதிக்கால் கொப்பளித்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு விழுந்து கிடந்த மரத்தில் அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் காடு என்னை மறந்துவிட்டது. அணில் இறங்கியது. பிறகு அந்தப் பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து கௌதாரி ஒன்று, வீட்டுக்கோழி மாதிரி, காய்ந்த இலையைக் கிளறிக்கொண்டு என் முன்னால் நடந்து போனது. துவக்கு எட்டாத தூரத்தில் மரத்தில் சாய்ந்து நின்றது! நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை கிழமையாக நான் நடந்து நடந்து எல்லாவற்றையும் கலைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனபடியால் பெயர் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

கொத்தமல்லி குடியுங்கள்.

உங்கள் சிவா


ஸ்காபரோ
05.11.1995

சிவா,

நேற்று விடிந்ததிலிருந்து உமக்குத் தொலைபேசி அடித்தேன். எழுதுவது என்று பேசிக்கொண்டாலும் இது எழுதிவிட்டு இருக்கிற விஷயமா? மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்னெஸ் அக்காவுக்கு அடித்தேன். "தம்பி, அவ காட்டுக்குப் போட்டா" என்றா.

ஆமி நெருங்கிவிட்டதென்று யாழ்ப்பாணமே எழும்பி வெளியேறிவிட்டது. திங்கட்கிழமை இரவு, மழையில், சனம் முழுக்க ஒரே தெருவால் நடந்திருக்கிறது. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லையாம். அம்மாவின் காலைப் பற்றி உமக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போய்வரவே வேலிக் கதியாலைப் பிடித்து நடக்கிறவ. யாரோடு போனா, போனாவா, ஒன்றும் தெரியாது. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரருக்கு அடித்தால் அவர்களுக்கும் தெரியாது. ஊரே நடந்து போகிறது, நீர் துவக்கோடு முயலுக்குப் பின்னால் திரிகிறீர்.

எழுதக்கூடாது என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். வசீகரன் சொன்னான், "அண்ணை, ஒரு பொம்பிளை தனிய உந்தக் காட்டுக்குள்ளை போவாவே? ஆரோ கூட்டிக்கொண்டு போறாங்கள். உங்களுக்குச் சொல்லேல்லை." அவனோடு வாய்த்தர்க்கப்பட்டேன். சாப்பிடாமல் எழும்பி வந்தேன். ஆனால் படுக்கையில் விழுந்தபிறகு நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இன்று கணக்கு வகுப்புக்குப் போகவில்லை.

தியாகலிங்கம்


மொன்றியல்
12.11.1995

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உடனே எழுதவில்லை. எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை இரவுதான் இங்கேயும் வாக்கு எண்ணினார்கள். அக்னெஸ் அக்கா வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். நாடு இரண்டாகப் போகுது என்று அவ கையைப் பிசைந்துகொண்டிருந்தா. கடைசியில் மயிரிழையில் பிரியாமல் நின்றது. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தோம். அந்த நாளில்தான் மாமி நடந்துகொண்டிருந்தா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய், புதனில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் செஞ்சிலுவைக்கு அடித்தேன், கொழும்புக்கு அடித்தேன். நீங்கள் எனக்கு அடித்த நேரத்தைவிட நான் அவர்களுக்கு அடித்த நேரம் குறைவில்லை. அந்தக் கிழமை வெள்ளி இரவு வீட்டுச் சுவர் என் மேல் விழுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் சனிக்கிழமை விடியக் கிளம்பினேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தால் மாமிக்குக் கால் சுகமாகிவிடுமா?

அன்றைக்குத்தான் என் முதல் முயல்.

இந்த நாட்டு முயல் மாரிக்கு வெள்ளையாக மாறும். இந்த முறை அது மாறிவிட்டது, பனிதான் விழவில்லை. மண்ணிறக் காட்டுக்குள் வெள்ளையாக இருந்தது, யாரோ துவாயை எறிந்துவிட்டுப் போன மாதிரி. தன்னை ஒருவரும் காணவில்லை என்ற நம்பிக்கையில் அசையாமல் இருந்தது. நான் சுட்டேன். உடனே சாகவில்லை. பின்னங்கால் போய்விட்டது, முன்காலால் இழுத்துக்கொண்டு போனது. கத்தியது. முயல் கத்தும் என்று எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. ஓடிப்போய்க் கையால் கழுத்தை முறித்தேன். முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாம் தரம் சரிவந்தது. பிறகு அதன் சூடு போகும்வரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வெட்டுவதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை. குசினி நிலத்தில் பேப்பர் விரித்து, கையேட்டைக் குப்புற வைத்துவிட்டுக் கோழியை நினைத்துக்கொண்டு வெட்டினேன். அக்னெஸ் அக்கா மணத்துக்கு ஏறி வந்தா. "பிள்ளை, என்னத்தையடி கொன்றுபோட்டாய்?" என்றா. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து ஒத்தாசை செய்தா. மாமி அனுப்பின கறித்தூளில் கடைசி இரண்டு கரண்டி இருந்தது, அதைப் போட்டேன். இறைச்சி நார் நாராக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

வசீகரன் சொன்னதற்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்களும் படுத்துக்கிடந்து அதை நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கோ அத்தான். ஒரு சனிக்கிழமை வந்து என்னோடு நடந்து பாருங்கள்.

மாமியைப் பற்றி ஒரு சொல் தெரிந்தாலும், எந்த நேரமென்றாலும் அடியுங்கள்.

சிவா


ஸ்காபரோ
17.12.1995

அன்பின் சிவா,

தொலைபேசியில் அழுததால் ஒன்றும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா. பக்கத்து வீட்டு இரவிச்சந்திரன் தன் சைக்கிள் கரியரில் இருத்தி, தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். இரவு தொடங்கி மறுநாள் பொழுதுபடும்வரை. கால் வீங்கியிருக்கிறதாம், மற்றும்படி பரவாயில்லையாம். "சிவா சாப்பிடுறாளோ?" என்று கேட்டு விட்டிருக்கிறா. இருக்கிற இடத்தில் தனக்குச் சாப்பாடு இல்லை, உம்மைக் கேட்டிருக்கிறா.

நான் எழுதினவற்றை மனதில் வைக்காதையும். அந்தக் கிழமை நான் மனிசனாக இருக்கவில்லை.

நத்தார், புதுவருட விடுமுறைக்குத் தொழிற்சாலை பூட்டுகிறார்கள். 29ஆம் திகதி பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை உம்மோடு காட்டுக்கும் வருகிறேன். எனக்கு நல்ல சப்பாத்து இல்லை, அக்னெஸ் அக்காவின் மனிசனுடையது கிடைக்குமா என்று கேட்டு வையும்.

அன்புடன்,
உமது தியாகு


ஸ்காபரோ
07.01.1996

என் அன்பின் சிவா,

வந்து சேர்ந்ததிலிருந்து உம்முடைய நினைப்புத்தான். வசீகரனுக்குக் கதை சொல்லி முடியவில்லை. "அவ கையைக் காட்டினால் நான் நிப்பன். பேந்து கையைக் காட்டினால் நடப்பன். பள்ளிக்கூடத்திலை பெடியளை நான் வைச்சிருந்த மாதிரி என்னை வைச்சிருந்தா" என்று சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்டான். இனி அவன் உம்மைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டான்.

உண்மையாகச் சொல்கிறேன், நீர் அங்கே வேறு ஓர் ஆள். ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்த இடத்தில் நீர் குனிந்து, அது இந்தப் பக்கமாகப் போயிருக்கு, இப்ப போனதுதான் என்றீர். அந்தக் கறுத்தக் கண்ணை மட்டும் பனிக்குள் எப்படிக் கண்டீர்? நீர் சுட்ட பிறகும் எனக்கு முயல் தெரியவில்லை. காரிலிருந்து இறங்கும்போது நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. அந்த ஓடைக்கரைக்கு வருவதற்குள் அது போய்விட்டது. ஏன் என்று தெரியாது. நல்ல காற்றுப் பட்டதாக இருக்கும். திரும்பி வரும்போது, முயலைத் தூக்கிக்கொண்டு சீட்டியடித்தேனே, நான் சீட்டியடித்து எத்தனை வருடம்!

இனி முக்கியமான விஷயம். மார்க்கம் வீதிப் பக்கமாக இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். மார்ச் முதலாம் திகதியிலிருந்து தருகிறார்கள். ஜன்னலால் வெயில் வரும். அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டாலும் இடம் காணும். துவக்கையும் கொண்டு வாரும். இங்கேயும் வடக்கே காடு இருக்கிறது. இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நாங்கள் முதலிலிருந்து தொடங்குவோம்.

ஓம் என்று ஒரு வரி எழுதும். வீட்டுக்காரனுக்குச் சொல்லவேண்டும்.

என்றும் உமது,
தியாகு


மொன்றியல்
21.01.1996

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அந்த வீட்டு ஜன்னலை நினைத்துப் பார்த்தேன். நீங்கள் வகுப்பு முடிந்து சோக்குக் கையோடு வருவதையும் நினைத்துப் பார்த்தேன். போன கிழமை இரண்டு தரம் ஓம் என்று எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

அன்றைக்குக் காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பார்த்ததை.

அதற்கு முந்திய சனிக்கிழமையும் நான் அதே பாதையால் போயிருந்தேன். நடுவில் பனி விழவில்லை. அதனால் என் சப்பாத்து அடிகள் இறுகிப்போய் அப்படியே கிடந்தன. நீங்கள் எனக்குப் பின்னால் வந்தீர்கள். மூன்று மாதமாக எனக்கு வேலையே கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான். முயலடி, கிளையில் கடித்த தடம், கௌதாரி இறங்கின இடம், எல்லாவற்றையும் நான் உங்களுக்குக் காட்டிக்கொண்டு போனேன். நீங்கள் "ஓம், ஓம்" என்றீர்கள். ஆனால் நீங்கள் முயலடியைப் பார்க்கவில்லை அத்தான். என் அடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னோர் அடி இருக்கிறதா என்று.

நான் திரும்பும்போதெல்லாம் நீங்கள் தலையை நிமிர்த்தினீர்கள். ஓடைக்கரையில், நான் வழக்கமாக இருக்கும் மரத்தடிக்கு வந்தபோது, நின்று சுற்றிவரப் பார்த்தீர்கள். அங்கேயும் ஓர் ஆள் இருந்த தடம்தான், ஒரு சோடிச் சப்பாத்துத்தான். அப்போதுதான் உங்கள் முகம் வெளித்தது. "நல்ல இடமாத்தான் பிடிச்சு வைச்சிருக்கிறீர்" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகுதான் சீட்டி.

 அப்போதே அதைச் சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து கறி காய்ச்சும்போதும், உங்களைப் பஸ் ஏற்றிவிடும்போதும், நான் கோபமாக இருக்கவில்லை. பஸ் போன பிறகு வாகனத் தரிப்பிடத்தில் கன நேரம் காரை எடுக்காமல் இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்தால்? ஒரு சாண் போதும். காடு முழுக்க மூடிப்போய் வெறும் வெள்ளையாகக் கிடந்திருக்கும். என் அடியும் இருந்திருக்காது, ஒருவருடைய அடியும் இருந்திருக்காது. அப்போது எதைப் பார்த்து என்னை நம்பியிருப்பீர்கள்?

இங்கே வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் அத்தான். ஸ்காபரோவிலும் கொட்டும்.

நான் மார்ச்சில் வரவில்லை. வீட்டுக்காரனுக்குச் சொல்லிவிடுங்கள். நீங்கள் அந்த ஊரைவிட்டு இங்கே வரவும் வேண்டாம். உங்களைச் "சேர்" என்று கூப்பிடும் இடத்தை விட்டு வந்து இங்கே திரும்பவும் நீங்கள் கைதட்டலுக்கு நிமிரவேண்டாம், அதை நான் தாங்கமாட்டேன்.

மாமியைக் கூப்பிடுவதற்கு எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமோ அனுப்புங்கள், வைக்கிறேன். அவவிடம் எங்களைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மைதான்.

இப்படிக்கு,
சிவாஜினி